சுகருக்கு எந்த டயட் தான் சரி? ஒரே ஒரு பதில் சொல்லுங்க

ஜனவரி 6, சாயங்காலம் (கேள்வி)

டைப் 2ன்னு சொல்லி கொஞ்ச நாள் தான் ஆச்சு. ஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சுகர் சராசரியைக் காட்டற ரத்த டெஸ்ட்) 8.1. ஒருத்தர் சோத்தையே மறந்துடுங்கறார். இன்னொருத்தர் தாராளமா சாப்பிடு, அளவா சாப்பிடுங்கறார் (தாராளமாவா அளவாவா?). மூணாவது ஆள் 16 மணி நேரம் பட்டினி கிடங்கறார், நாலாவது ஆள் பழமே விஷம்ங்கறார். இதுல கொடுமை என்னன்னா நாலு பேருக்கும் சுகர் குறைஞ்சிருக்கு, ரிப்போர்ட் காட்டறாங்க. நாலு பேரும் எப்படி சரியா இருக்க முடியும்? எது சரியோ அதை மட்டும் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு அதையே பண்றேன்.

ஜனவரி 6, ராத்திரி

நாலு பேரும் சரியா இருக்க முடியும் தம்பி. பேர் தான் வேற வேற, தட்டுல நடந்தது ஒண்ணு தான். சர்க்கரை குறைஞ்சிருக்கும், மாவு குறைஞ்சிருக்கும், பாட்டில் பானம் நின்னிருக்கும், ராத்திரி டிவி முன்னாடி கொறிக்கறது போயிருக்கும், மொத்த அளவும் குறைஞ்சிருக்கும். அதுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு பேர் வச்சு கொடி பிடிக்கறாங்க. அமெரிக்க டயாபடீஸ் அசோசியேஷன் 2019ல வெளியிட்ட சாப்பாட்டு அறிக்கையிலயே எல்லாருக்கும் ஒத்து வர்ற ஒரே டயட் கிடையாதுன்னு தான் போட்டிருக்கு. எல்லா டயட்டுக்கும் பொதுவா அவங்க சொல்றது, மாவுச்சத்து இல்லாத காய் நிறைய, சேர்த்த சர்க்கரையும் தீட்டின தானியமும் கம்மி, பாக்கெட்ல வர்றதை விட்டுட்டு முழுசா இருக்கறதை சாப்பிடறது, அவ்வளவு தான். மொத்த கார்ப்பை (மாவுச்சத்து, சர்க்கரை எல்லாம் சேர்த்து) குறைச்சா சுகர் குறையும்ங்கறதுக்குத்தான் ஆதாரம் அதிகம்னும் அதே அறிக்கை சொல்லுது. எவ்வளவு குறைக்கறது, எந்த வேளையில குறைக்கறதுங்கறது தான் உங்க சொந்த வேலை. அதை கண்ணை மூடிக்கிட்டு பண்ண முடியாது.

ஜனவரி 7, காலைல

முக்கியமானதை முதல்ல கேட்டிருக்கணும். என்ன மாத்திரை போடறீங்க?

வெறும் மெட்ஃபார்மின்னா சாப்பாட்டைக் குறைச்சா தாழ்சுகர் வர்றது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி இருந்தாலோ இன்சுலின் போட்டுக்கிட்டாலோ கதை வேற. அந்த மாத்திரை நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, இன்சுலினை சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். சோறு நிறுத்தறேன், 16 மணி நேரம் பட்டினின்னு டாக்டர் கிட்ட சொல்லாம ஆரம்பிச்சா 70க்கு கீழ போய் கை நடுங்கி வேர்த்து உக்காந்துடுவீங்க. அப்படி ஆனா 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட், ஏறலைன்னா இன்னொரு 15. அந்த நேரத்துல டயட் பாக்கக் கூடாது.

இன்னொண்ணு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை, சுகரை யூரின் வழியா தள்றது. அதைப் போட்டுக்கிட்டு கார்ப்பை ஒரேயடியா வெட்டினா கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகறது) வரலாம், அதுவும் மீட்டர்ல சுகர் பெருசா ஏறாமலே. வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா மீட்டரைப் பாத்து ஆறுதல் பட்டுக்காம நேரா ஆஸ்பத்திரி. லோ கார்ப் பத்தி பேசற பாதிப் பேர் இதைச் சொல்றதே இல்ல, எனக்கு அதுல கோபம் உண்டு.

ஜனவரி 9

மெட்ஃபார்மின் மட்டும் தான்னு சொல்லிட்டீங்க, சரி. இப்ப நான் பண்ணதை சொல்றேன்.

எனக்கு கணக்கு எழுதற வேலை. ஏட்டுல கணக்கு இடிச்சா ஒரே நேரத்துல நாலு என்ட்ரியை மாத்தக் கூடாது, அப்புறம் எதனால சரியாச்சுன்னே தெரியாது. தட்டுக்கும் அதே விதி. ஒரு பழைய நோட்டை எடுத்து கோடு போட்டேன். சாப்பிடறதுக்கு முன்னாடி ரீடிங், என்ன சாப்பிட்டேன், முதல் வாய் வச்ச நேரம், அதுல இருந்து 2 மணி நேரம் கழிச்சு ரீடிங், கடைசில குறிப்பு. "தூக்கம் இல்ல", "சண்டை", "மாடிப்படி ஏறினேன்" இதெல்லாம் அந்தக் குறிப்புல வரும். பல நாள் பதில் அந்தக் கடைசி கட்டத்துல தான் இருந்தது, சாப்பாட்டுல இல்ல.

ரீடிங் எவ்வளவு இருக்கணும்னா, பொதுவா சாப்பாட்டுக்கு முன்ன 80லருந்து 130, சாப்பிட்டு 1-2 மணி நேரத்துல 180க்குள்ள. வயசானவங்க, கர்ப்பிணிங்க, தாழ்சுகர் அடிக்கடி வர்றவங்களுக்கு டாக்டர் வேற நம்பர் தருவார். 180ஐ விட நான் அதிகமா பாத்தது வித்தியாசம் எவ்வளவுங்கறதை. 118ல ஆரம்பிச்சு 150 ஆனா அந்தச் சாப்பாடு ஓகே. 118ல ஆரம்பிச்சு 215 ஆனா அளவை பாதியாக்கி இன்னொரு நாள் திரும்ப அதே சாப்பாடு. உடனே "இது நமக்கு ஆகாது"ன்னு தள்ளிடாதீங்க. ஒரே ஒரு ரீடிங்கை வச்சு எந்த சாப்பாட்டுக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழிச்சு

டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி கை கழுவணுமான்னா, ஆமா, கழுவிட்டு குத்துங்க. பழம் உரிச்ச கையோட குத்தினா விரல்ல இருக்கற பழச் சர்க்கரையும் சேர்ந்து ரீடிங்ல ஏறும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே டெஸ்ட் பண்ணி 300 பாத்து அலறினார், சோப்பு போட்டு கழுவிட்டு வந்தா 140. வீட்ல அரை மணி நேரம் அழுகை.

ஜனவரி 10

"மீட்டரே பொய் சொல்லுதே, ஒரே விரல்ல ரெண்டு தடவை குத்தினா ரெண்டு நம்பர்"னு கேட்டவருக்கு: பொய் இல்ல, அதோட இயல்பு அது. சுகர் மீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197ங்கற உலகத் தரத்துல 2013 விதிப்படி, 100க்கு மேல இருக்கறப்போ ரீடிங் 15 சதவீதம் வரை முன்ன பின்ன இருக்கலாம், 100க்கு கீழ 15 பாயின்ட் வரை. நிஜ சுகர் 160ன்னா மீட்டர் 140ம் காட்டலாம், 180ம் காட்டலாம், ரெண்டுமே பாஸ். அதனால 152க்கும் 160க்கும் நடுவுல காரணம் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க.

ஜனவரி 12

கிளைசெமிக் இண்டெக்ஸ் சார்ட்டை ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கிட்டா போதாதான்னு கேட்டா, போதாது. 1981ல டொரான்டோவுல டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டு வந்த கணக்கு அது. 50 கிராம் கார்ப் இருக்கற அளவுக்கு ஒரு உணவைத் தனியா குடுத்து, சுகர் எவ்வளவு ஏறுதுன்னு குளுக்கோஸோட ஒப்பிட்டு நம்பர் போடறது. யார் வெறும் உருளைக்கிழங்கை அளந்து, தொட்டுக்க எதுவும் இல்லாம சாப்பிடறோம்? தர்பூசணிக்கு அந்த சார்ட்ல நம்பர் பெருசா இருக்கும், ஆனா ஒரு துண்டுல கார்ப் கொஞ்சம் தான், மீதி தண்ணி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1997 வாக்குல ஹார்வர்டுல அளவையும் சேர்த்து கிளைசெமிக் லோடுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க.

அதுக்கு மேல ஆளுக்கு ஆள் வித்தியாசம். இஸ்ரேல்ல வைஸ்மேன் இன்ஸ்டிட்யூட்ல 2015ல 800 பேருக்கு சுகரை விடாம அளக்கற சென்சார் மாட்டிப் பாத்தாங்க, ஒரே சாப்பாட்டுக்கு ஒருத்தருக்கு ஏறுது, இன்னொருத்தருக்கு அசையவே இல்ல. உங்க நாலு பேர் கதைக்கு பாதி பதில் அங்க இருக்கு.

ஜனவரி 13

சரி, அந்த 800 பேர் சுகர் பேஷண்ட் இல்லன்னு ஒருத்தர் பிடிச்சார். நியாயம் தான். நமக்கும் அச்சு அசலா அப்படியே நடக்கும்னு அதை வச்சு சொல்ல முடியாது. ஆனா உங்க விரலை வச்சு பாக்கலாமே, அதுக்கு இஸ்ரேல் போக வேண்டாம்.

கிளைசெமிக் இண்டெக்ஸை நேத்து கொஞ்சம் காட்டமாவே எழுதிட்டேன்னு படுது. பயறு வகைக்கு நம்பர் கம்மியா இருக்கறது வெத்து கணக்கு இல்ல, என் நோட்லயும் அது சரியா தான் வருது. ஜென்கின்ஸ் ஆளுங்களே இன்னொண்ணும் பாத்திருக்காங்க, ஒரு வேளை பயறு சாப்பிட்டா அடுத்த வேளை சாப்பாட்டுக்கும் ஏத்தம் கொஞ்சம் மட்டுப்படும். ஆரம்பத்துல எதை எதுக்கு பதிலா மாத்தலாம்னு யோசிக்க சார்ட் உதவும். அதுக்கு மேல நம்பாதீங்க.

ஜனவரி 16

காலைல வெறும் வயித்துல தான் சுகர் அதிகம், ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையேன்னு புலம்பல் வந்திருக்கு. எல்லாருக்கும் வர்ற புலம்பல் தான். விடியற நேரத்துல கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறும், கல்லீரல் தன் கையிருப்புல இருந்து சுகரை எடுத்து விடும், நமக்கு அதை அடக்க இன்சுலின் பத்தாது. ராத்திரி பட்டினி கிடந்தாலும் விடும்.

இதுல எனக்குக் கிடைச்ச பலன் பெருசு. ஒரே ரெண்டு துண்டு ரொட்டி, காலைல சாப்பிட்டா 90 பாயின்ட் ஏறும், மதியம் சாப்பிட்டா 45 கூட ஏறாது. ரொட்டி அதே பாக்கெட், ஆளும் நான் தான். காலைல கார்ப்பை எடுத்துட்டு முட்டை, தயிர், காய்னு மாத்தினேன், சோறோ ரொட்டியோ மதியத்துக்குப் போச்சு. ஒரு நாள் கணக்குல நான் விட்டுக்குடுத்தது ரொம்ப கம்மி, ரீடிங்ல கிடைச்சது நிறைய. "சோறு சாப்பிடலாமா கூடாதா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது, எப்ப சாப்பிடறேன்னு கேட்டதால தெரிஞ்சது. உங்களுக்கு இது தலைகீழாவும் இருக்கலாம், பாத்துக்குங்க.

ஜனவரி 20

முதல்ல காய், அப்புறம் புரதம், கடைசில கார்ப். இதை நான் முதல்ல நம்பல, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணா தானே கலக்கப் போகுதுன்னு நினைச்சேன். 2015ல நியூயார்க்ல வைல் கார்னெல்ல பண்ண ஒரு சின்ன ஆய்வுல (11 பேர் தான்) அதே சாப்பாட்டை வரிசை மாத்தி குடுத்ததுக்கே ஏத்தம் நல்லா குறைஞ்சிருக்கு. எனக்கும் குறைஞ்சது. ஆனா நாலு பேரோட உக்காந்து சாப்பிடறப்போ நான் மட்டும் காயை மென்னுக்கிட்டு, மத்தவங்க முடிக்கறப்போ சோத்துக்கு வர்றது எரிச்சலா இருக்கு. இப்ப பாதி காயை முன்னாடி சாப்பிட்டுட்டு மீதியை சோத்தோட சேர்த்துக்கறேன். பலன் கொஞ்சம் கம்மி தான், ஆனா இன்னைக்கும் பண்றேன். சுத்தமா பண்ண வரிசையை ரெண்டாவது வாரமே விட்டுட்டேன்.

சாப்பிட்டு 10-15 நிமிஷம் நடக்கறது இதை விட லேசு. சதை வேலை செஞ்சா இன்சுலின் தயவு இல்லாமலே ரத்தத்துல இருந்து சுகரை இழுத்துக்கும். வேகமா நடக்க வேண்டாம், போன் பேசிக்கிட்டே நடந்தாலும் நடை தான்.

ஜனவரி 21

சோத்தை ஆற வச்சு, ஃபிரிட்ஜ்ல வச்சு, சூடு பண்ணி சாப்பிட்டா சுகரே ஏறாதாமே: ஏறும். ஆறினா ஸ்டார்ச்சுல ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத ரூபத்துக்குப் போகும், வாஸ்தவம். ஆனா அது ஒரு சின்ன பங்கு. ஆற வச்ச தைரியத்துல ரெண்டு கரண்டி கூட போட்டுக்கிட்டா பழைய இடத்துக்கே வந்துடுவீங்க.

கசப்பா எதைக் குடிச்சாலும் சுகர் இறங்கும்னு நம்பறவங்களுக்கு நான் பதில் சொல்றதை நிறுத்திட்டேன். இனிப்புக்கு எதிரி கசப்புங்கறது நாக்கு போட்ட கணக்கு, கணையத்துக்கு அது தெரியாது.

பிப்ரவரி 2

மேல 2 மணி நேர ரீடிங்னு எழுதினேன்ல, அதுல ஒரு சேர்க்கை. கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் பத்தாது. கொழுப்பு வயித்துல இருந்து சாப்பாடு இறங்கறதையே தாமதமாக்கும். போன வாரம் எண்ணெயில பொரிச்சது, மாவு, சீஸ் எல்லாம் சேர்ந்த ஒரு விருந்து, 2 மணி நேரத்துல 148. பிரமாதம்னு தூங்கப் போகப் பாத்தேன். ஏதோ சந்தேகத்துல 4 மணி நேரத்துல குத்தினா 211. "பொரிச்சது ஆனா சுகரே ஏத்தல, உருளைக்கிழங்கு வேக வச்சா தான் ஏத்துது"ன்னு சொல்றவங்க பாதிப் பேர் இந்த இடத்துல தான் ஏமாறாங்க.

பிப்ரவரி 5

தூக்கம் வரல, ஒரு கதை. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன்னு அமெரிக்காவுல ஒரு இன்ஜினியர், 12 வயசுல டைப் 1 (உடம்புல இன்சுலின் சுரக்கறதே நின்னு போற வகை). 1969ல ரத்தத்துல சுகர் பாக்கற மெஷின் வந்திருக்குன்னு தெரியுது, ஆனா நோயாளிக்கு விக்க மாட்டாங்க, டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தான். அவர் மனைவி டாக்டர், அவங்க பேர்ல வாங்கிட்டார். ஒன்றரை கிலோ கிட்ட கனம். தினம் பல தடவை குத்திக் குத்தி எது ஏத்துது எது இறக்குதுன்னு தனக்குத் தானே கண்டுபிடிச்சார், அப்புறம் எந்த டாக்டரும் காது குடுக்கலைன்னு 45 வயசுல மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்து டாக்டரே ஆனார். அவர் சொன்ன கடுமையான கார்ப் குறைப்பை இன்னைக்கும் எல்லா டாக்டரும் ஒத்துக்கறதில்ல, எனக்கும் அது ஆகல, மலச்சிக்கலும் சிடுசிடுப்பும் தான் மிச்சம். ஆனா நோயாளி கையில மீட்டர் இருக்கணும்ங்கற அவர் பிடிவாதத்துல தான் நம்ம நோட்டு ஓடுது.

பிப்ரவரி 14

பட்டினி பத்தி மறுபடி மறுபடி கேக்கறீங்க. 16 மணி நேரம் எனக்கு ஒத்து வரல, சாயங்காலம் தட்டு முன்னாடி உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேன். எங்க அண்ணனுக்கு அது தான் ஒத்து வந்தது, காலைல பசியே இல்லாத ஆள் அவர். மொத்தம் எவ்வளவு உள்ள போகுதுங்கறது தான் அங்கயும் வேலை செய்யுதுன்னு நினைக்கறேன்.

எடை அதிகமா இருந்து, சுகர் வந்து சில வருஷம் தான் ஆகுதுன்னா டைரக்ட்னு ஒரு ஆய்வு இருக்கு, ராய் டெய்லரும் மைக் லீனும் பிரிட்டன்ல பண்ணது, 2017ல முடிவு வந்தது. 3-5 மாசம் ஒரு நாளைக்கு 825லருந்து 853 கலோரி, எல்லாம் கலக்கிக் குடிக்கற பானம், மாத்திரையை நிறுத்திட்டு. ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் நோய் அளவுக்குக் கீழ போச்சு, 15 கிலோவும் அதுக்கு மேலயும் இறக்கினவங்கள்ல 86 சதவீதம். ரெண்டாவது வருஷம் 46ங்கறது 36 ஆச்சு. நம்பிக்கையான சேதி, ஆனா நர்ஸ் டயட்டீஷியன் எல்லாம் கூடவே இருந்து பண்ணது. அதுல இருந்தவங்க எல்லாம் சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள, இன்சுலின் போடாதவங்க. யூட்யூப் பாத்துட்டு தனியா வீட்ல இறங்கற வேலை இல்ல.

பிப்ரவரி 15

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு?" அவசரப்பட்டு எடையைக் குறைக்காதீங்க. திடீர்னு காரணமே இல்லாம இளைச்சுக்கிட்டே போனா டைப் 2 தானான்னே டாக்டர் கிட்ட கேளுங்க, வயசு வந்தவங்களுக்கும் டைப் 1 வரும். கிட்னி ரிப்போர்ட்ல கோளாறு இருந்தா புரதத்தைக் கூட்டறதும் கேட்டுட்டு தான்.

பிப்ரவரி 27

ரொம்ப நாளா எழுதல. வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். நோட்டுல பக்கம் பக்கமா காலி.

அப்ப ஒண்ணு பாத்தேன். நல்லா இருக்கறப்போ நான் கண்டுபிடிச்ச அழகான ஏற்பாடுகள்ல முக்கால்வாசி அந்த அலைச்சல்ல உதிர்ந்து போச்சு. அளந்து போடறது போச்சு, காயை நறுக்கி வைக்கறது போச்சு. நின்னது என்னென்னன்னா, காலைல ரெண்டு வேக வச்ச முட்டை, டீயில சர்க்கரை இல்ல, பையில வறுத்த கடலை, கேன்டீன்ல சோறு வாங்கினா பாதியை முதல்லயே ஓரமா ஒதுக்கி வச்சுடறது (சாப்பிட்டுக்கிட்டே நிறுத்தலாம்னு நினைச்சா நடக்காது, தட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடியே ஒதுக்கணும்). தூக்கமும் இல்ல, கவலை வேற, அதனால வெறும் வயித்து ரீடிங் 20-30 கூடவே ஓடிச்சு, அதை எந்த டயட்டாலயும் பிடிக்க முடியல, நானும் விட்டுட்டேன். ஆனா ஏ1சி 8க்கு திரும்பிப் போகல.

தம்பி, "எந்த டயட்"னு கேட்டீங்கல்ல, அந்த நாலு விஷயம் தான் என் டயட். மத்ததெல்லாம் நேரம் இருக்கறப்போ பண்றது. நல்ல வாரத்துல யார் வேணா எதை வேணா கடைபிடிக்கலாம், அதனால உங்களோடதை ஒரு மோசமான வாரத்துல வச்சுப் பாருங்க.

மார்ச் 3

வறுத்த கடலை தாராளமா சாப்பிடலாமான்னா, "தாராளமா" இல்ல. கைப்பிடி. அதுலயும் கார்ப் இருக்கு.

மார்ச் 18

கேள்வி கேட்ட தம்பிக்கு ஏ1சி 7.2ன்னு கேட்டதுல சந்தோஷம். மாசா மாசம் எடுக்கலாமான்னா வேண்டாம். ரத்தச் சிவப்பணு 120 நாள் வாக்குல இருக்கும், ஏ1சி காட்டறது கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரி, அதனால 3 மாசத்துக்கு ஒண்ணு போதும். கணக்குப்படி 8.1ன்னா சராசரி 186 கிட்ட, 7.2ன்னா 160. உங்க நோட்டு ஒரு மாதிரி சொல்லி ஏ1சி வேற மாதிரி சொன்னா ரத்த சோகை இருக்கான்னு பாருங்க. இரும்புச்சத்து குறைவுல ஏ1சி இருக்கறதை விட ஏறித் தெரியலாம், எனக்கு அப்படித்தான் ஆச்சு, இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் தட்டுல எதையும் மாத்தாமலே அரை பாயின்ட் இறங்கிச்சு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடறவங்க பி12ம் பாத்துக்குங்க, பாதம் மரத்தா உடனே சுகர் மேல பழி போடாம.

மார்ச் 19

கண்ணு மங்கலாச்சு, சுகர் குறைஞ்சப்புறம் தான் மங்குது, டயட் ஒத்துக்கலையான்னு கேட்டிருக்கீங்க. சுகர் ஏறி இறங்கறப்போ கண்ணோட லென்ஸ்ல தண்ணி கூடிக் குறையும், பவர் மாறும். பெரும்பாலும் சில வாரத்துல நிலைக்கு வந்துடும், அதனால புதுக் கண்ணாடிக்கு இப்பவே ஆர்டர் குடுக்காதீங்க, என் மேஜை டிராயர்ல அப்படி வாங்கின ஒண்ணு சும்மா கிடக்கு. ஆனா விழித்திரை பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது, கண்ணுல சொட்டு விட்டுப் பாப்பாங்களே அது. ஏற்கனவே விழித்திரையில கோளாறு இருந்தா சுகர் வேகமா இறங்கறப்போ கொஞ்ச நாள் அது மோசமாகவும் செய்யும். இந்த வாரமே போங்க, போறப்போ வண்டி ஓட்ட கூட யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க, சொட்டு விட்டா சில மணி நேரத்துக்கு வெளிச்சமே பாக்க முடியாது.